வெற்றிலை இல்லாத வாய்

என் பெரியம்மா எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பாள். வாயில் வெற்றிலை இருக்காது. உதடுகள் குவிந்து விரியும், நாக்கு கன்னத்துக்குள் சுழலும், சில நேரம் அதன் நுனி வெளியே வந்துவிட்டு உள்ளே போகும். கல்யாண வீடுகளில் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். சிறுவயதில் நாங்கள் அவளைப் போலச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறோம். "சித்தம் கலங்கினவ, அப்படித்தான் அசை போடுவா" என்பது வீட்டுப் பேச்சு. பதினெட்டு வருடமாக அவள் விழுங்கிவந்த மாத்திரைதான் அந்த வாயை ஆட்டியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை.

அந்த மாத்திரைகளின் கதை 1952இல் பாரீசில் தொடங்குகிறது. சாந்த்-ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிகே என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற புதிய மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பெருங்கொந்தளிப்பில் இருந்தவர்கள் அமைதியானார்கள், பேசினார்கள், சிலர் வீடு திரும்பினார்கள். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரியம்மாவும் அந்த வகை மருந்தால்தான் மறுபடி அடுப்படிக்கு வந்தாள், தன் பிள்ளைகளை அடையாளம் கண்டாள்.

உடம்பு விறைப்பதையும் கை நடுங்குவதையும் மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே கவனித்துவிட்டார்கள். ஆனால், மருந்து வேலை செய்வதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஜெர்மனியில் ஹாஸே என்ற மருத்துவர் நோயாளிகளை எழுதச் சொல்லிப் பார்த்தார். கையெழுத்து சிறுத்துச் சுருங்கினால் மருந்தின் அளவு எட்டவேண்டிய இடத்தை எட்டிவிட்டது என்பது அவர் கணக்கு. எழுதுகிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வாயின் அசைவு அப்படி உடனே வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மருந்து உண்ட பிறகு வரும். மருந்தை நிறுத்தினாலும் பலருக்குப் போகாது. 1959இல் பிரான்சில் சிக்வால்டும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் விவரித்த நோயாளிகள் நான்கு பேர், நால்வரும் பெண்கள். பிறகு டென்மார்க்கிலிருந்து அறிக்கைகள் வந்தன. 1964இல் அங்கேயே ஃபவுர்பியே குழுவினர் வைத்த பெயர்தான் 'டார்டிவ் டிஸ்கினீசியா', அதாவது காலம் தாழ்ந்து வரும் அசைவுக் கோளாறு. வயது கூடியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது வரும் வாய்ப்பு அதிகம் என்று பின்னர் பல ஆய்வுகள் கூறின. மருத்துவப் புத்தகத்துக்குள் இந்த நோய் நுழைந்தது பெயர் தெரியாத கிழவிகளின் வாய் வழியாக.

பெயர் வைத்த பிறகும் நம்பவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் கிரேன் 1960களின் பிற்பகுதியிலிருந்து திரும்பத் திரும்ப எழுதினார். நாட்பட்ட மனநோயாளிகள் எப்போதுமே முகத்தைக் கோணுகிறவர்கள்தானே என்ற பதிலே வந்தது. அதில் பொய்யும் இல்லை, இந்த மருந்துகள் பிறப்பதற்கு முன்பே கிரெப்பலின் அப்படிப்பட்ட அசைவுகளை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாதி உண்மைதான் பலரை முழுசாகக் கேட்கவிடாமல் செய்தது. நோய் இருப்பவள் உடம்பில் எது நடந்தாலும் நோயின் கணக்கில் எழுதிவிடலாம். கால் நிலைகொள்ளாமல் தவிப்பதும் இந்த மருந்துகளால் வரும். அதைப் பதற்றம் முற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

மறுக்க முடியாத சாட்சி வயிற்றிலிருந்து வந்தது. மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரையும் மூளையில் டோபமினைத் தடுக்கும். மனநோயே இல்லாதவர்களுக்கும் அதை நெடுநாள் உண்டபின் அதே உதடு, அதே நாக்கு. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது: பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் வேண்டாம். நெஞ்சுக்கரிப்புக்கு மாத்திரை தின்றவளைச் சித்தம் கலங்கினவள் என்று சொல்லிவிட முடியாதே.

பெரியப்பா ஒருமுறை தானாகவே மாத்திரையை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் வாய் இன்னும் மோசமாகி, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாத்தியா, நோய் திரும்பிருச்சு" என்று பழையபடி தொடங்கினார். வாய் கொஞ்சம் அடங்கியது. அவர் மேல் தப்பில்லை. டோபமின் வெகுநாள் தடுக்கப்பட்டால் அதை ஏற்கும் இடங்கள் மிகையாகக் கூர்மை பெற்றுவிடுகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தடுப்பை எடுத்தால் அசைவு பீறிடும், திரும்பப் போட்டால் மறையும். கெடுத்த மருந்தே அந்தக் கேட்டை மூடியும் வைக்கும். அதனால்தான் யாரும் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவரோடு பேசி மெல்லக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும். நடுக்கத்துக்கு என்று வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் இந்த வாயசைவுக்கு உதவாது, சிலருக்குக் கூட்டியும் விடும். பெரியம்மாவுக்கு அதையும் கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்காக பாஸ்டன் அரசு மருத்துவமனை நோயாளிகள் 1975இல் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கு ரூபி ராஜர்ஸ் என்ற பெண்ணின் பெயரால் அறியப்படுகிறது. அவசர நிலை இல்லாதபோது விருப்பத்துக்கு மாறாக மருந்து செலுத்தக் கூடாது என்று 1979இல் நீதிபதி டாரோ தீர்ப்பளித்தார்.

இந்த அசைவுக்கென்றே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்துகள் 2017இல்தான் வந்தன: வால்பெனசின், டியூடெட்ராபெனசின். முதல் நோயாளிகள் எழுத்தில் பதிவாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இவற்றின் மூதாதை டெட்ராபெனசின். நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினுக்கு எளிய மாற்றைத் தேடிய 1950களில் பிறந்தது அது.

பரிசோதனைக்கோ காசே தேவையில்லை. 1976இல் வெளியான ஓர் அளவுகோல் இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, விரல்களைக் கட்டைவிரலால் தட்டச் சொல்லி, நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. பெரியம்மாவுக்கு எழுபது வயதானபோது, வேறொரு ஊரில், ஓர் இளம் மருத்துவர் அவளுக்கு அதைச் செய்தார். அதில் முதலில் கேட்க வேண்டியவற்றில் ஒன்று வாயில் ஏதாவது இருக்கிறதா என்பது.

"வாய்ல ஏதாவது வச்சிருக்கீங்களா பாட்டி?"

பெரியம்மா வாயை அகலத் திறந்து காட்டினாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.