குல்லாயும் முக்காடும்

மக்காவுக்கு ஹஜ்ஜுப் பயணம் செல்லும் ஆடவர், எந்நாட்டினராயினும், குறித்த எல்லையை அடைந்ததும் தம் உடையைக் களைந்து, தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளை அணிந்து கொள்வர். ஒன்றை இடையில் உடுத்து மற்றொன்றைத் தோளில் போர்த்துவர். ஏறத்தாழ நம் வேட்டியும் மேல்துண்டுமே என்னலாம். அமைச்சரும் கூலியாளும் அக்கோலத்திலேயே நிற்பர். அங்கே தலையில் குல்லாயும் கூடாது, தலைப்பாகையும் கூடாது. பெண்டிர்க்கு இவ்விதி இல்லை. அவரவர் நாட்டு உடையிலேயே வரலாம். ஆயின் முகத்திரை அணிதல் அந்நிலையில் விலக்கப்பட்டுள்ளது. கடமைகள் முடிந்தவுடன் நைஜீரியர் தம் அகன்ற அங்கிக்கும், இந்தோனேசியர் தம் கைலிக்கும் கறுப்புக் குல்லாய்க்கும் மீள்வர். அப்படியாயின், 'முஸ்லிம் உடை' என்று நாம் ஒருமையில் கூறுவது எதனை?

நம்மில் பலர் பிறந்த ஊரை விட்டு வந்து, பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்த குடியிருப்புகளில் வாழ்கின்றோம். அண்டை வீட்டாரின் தலையணியைக் கண்டதும், 'இஃது அவர்கள் மதம்' என்று முடிவு கட்டிவிடுகின்றோம். அதில் மதம் எவ்வளவு, நாட்டு வழக்கம் எவ்வளவு, அரசாணை எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. வரலாறு சற்றே துணை செய்யும். இதற்குத் துருக்கித் தொப்பியைக் காட்டிலும் நல்ல சான்று கிடைத்தல் அரிது.

குஞ்சம் தொங்கும் அச்சிவப்புக் குல்லாயை நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பலர் அணிந்தனர். சர் சையது அகமது கான் அணிந்தார்; அலிகார் மாணவர்களும் அணிந்தனர். அதன் பெயரான 'பெஸ்' என்பது மொராக்கோ நாட்டு நகரம் ஒன்றின் பெயர். துருக்கியர்க்கு அது பழைய அணியன்று. சுல்தான் இரண்டாம் மாமூது 1826-இல் ஜானிசரி என்னும் பழம்படையை அழித்து, ஐரோப்பிய முறையில் புதுப்படை அமைத்தார். அப்படைவீரர் தலையில் ஏறிய இக்குல்லாயை 1829-இல் அரசு அலுவலர் அனைவர்க்கும் உரியதாக ஆணையிட்டார். சமய அறிஞர்க்கு மட்டும் தலைப்பாகை விடப்பட்டது. அதுவரை தலைப்பாகையின் வடிவையும் நிறத்தையும் கொண்டே ஒருவரின் பதவியையும் சமயத்தையும் அறியலாம். குல்லாய் வந்தபின் கிறித்தவ அலுவலரும் யூத அலுவலரும் அதனையே அணிந்தனர். பழைமையை விரும்பியோர்க்கு இது பொறுக்கவில்லை. மாமூதைக் 'காபிர் சுல்தான்' என்றே இகழ்ந்தனர்.

பின்னர் நிகழ்ந்தது வியப்பானது. ஒரு தலைமுறை, இரு தலைமுறை சென்றதும் அக்குல்லாயே முஸ்லிமின் அடையாளம் ஆயிற்று. அதற்கு ஒரு வசதியும் துணை நின்றது. தொழுகையில் நெற்றி நிலத்தில் பட வேண்டும். விளிம்பில்லாத குல்லாய் அதற்குத் தடையாகாது. இத்தனைக்கும் துருக்கியர் அணிந்த குல்லாய்களில் பெரும்பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகளில் செய்யப்பட்டவை! 1908-இல் ஆஸ்திரியா பாஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, இஸ்தான்புல் மக்கள் ஆஸ்திரியப் பொருளைப் புறக்கணித்துத் தம் சிவப்புக் குல்லாயையே கிழித்தெறிந்தனர்.

1925 ஆகஸ்டில் முஸ்தபா கமால் கஸ்தமோனு பகுதிக்குச் சென்று, விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியை மக்கள்முன் அணிந்து காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 25-ஆம் நாள் தொப்பிச் சட்டம் நிறைவேறிற்று. சிவப்புக் குல்லாய் விலக்கப்பட்டது. தொண்ணூற்றாறு ஆண்டுகட்கு முன் எதனை மதவிரோதம் என்றனரோ, அதனையே மதத்தின் பெயரால் காக்க மக்கள் எழுந்தனர். எர்சுரூம், ரிசே முதலிய ஊர்களில் கலகம் மூண்டது, ரிசேக்குப் போர்க்கப்பல் அனுப்பப்பட்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். இஸ்கிலிப் ஊரினரான ஆதிப் என்னும் சமய ஆசிரியர், ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்துச் சிறுநூல் ஒன்று எழுதியிருந்தார். அது வெளிவந்தது 1924-இல், அதாவது சட்டம் பிறப்பதற்கு முன்பே. எனினும் 1926 பிப்ரவரியில் அவரும் தூக்குமேடை ஏறினார். ஒரு தொப்பிக்காக இவ்வளவா என்று நமக்குத் தோன்றலாம். தலையிலிருந்து பறிக்கப்பட்டவனுக்கு அது தொப்பி மட்டுமன்று போலும்.

ஆடவர் தலைக்கு நேர்ந்தது இது. ஈரானில் பெண்டிர் தலைக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1936 சனவரியில் ரிஸா ஷா, பெண்கள் முக்காடின்றியே பொதுவிடங்களில் வரவேண்டும் என்று ஆணையிட்டார். காவலர் தெருவிலேயே முக்காட்டைப் பறித்தனர். அதற்கு அஞ்சி வீட்டு வாயிலைத் தாண்டாதிருந்த பெண்டிர் பலர். 1941-இல் அம்மன்னர் அரியணை துறந்ததும் முக்காடு மீண்டது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1983-இல் முக்காடின்றி வருதல் தண்டனைக்குரியதாயிற்று. 2022-இல் உடைவிதியை மீறினார் என்று பிடிக்கப்பட்ட மாஹ்சா அமினி என்னும் இளம்பெண் காவலில் இருந்தபோது இறக்க, நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினர். பாட்டியின் தலையிலிருந்து இழுத்த கையும் பேத்தியின் தலையில் இட்ட கையும் அரசின் கைகளே. எகிப்தில் ஹுதா ஷஅராவி அம்மையார் 1923-இல் கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை நீக்கியது வேறு வகை. அவரை எவரும் பணிக்கவில்லை, தாமே நீக்கினார்.

சஹாரா பாலையில் வாழும் துவாரெக் மக்களிடையே முகத்தை மூடுவோர் ஆடவர், பெண்டிர் அல்லர். அவர்களும் முஸ்லிம்களே.

உடை இவ்வாறு வேறுபட, வழிபாடு எங்கும் ஒன்றுதானா எனில், பெரும்பாலும் ஒன்றே. ஐவேளைத் தொழுகை, கஅபாவை நோக்கி நிற்றல், அரபியில் ஓதுதல் ஆகியவை மொராக்கோ முதல் இந்தோனேசியா வரை மாறுவதில்லை. துருக்கி அரசு 1932 முதல் பாங்கைத் துருக்கி மொழியில் சொல்லச் செய்தது. 1941-இல் அரபியில் சொல்வதைக் குற்றமாகவும் ஆக்கிற்று. அங்கும் தொழுகைக்குள் ஓதுவது அரபியாகவே நின்றது. 1950-இல் ஆட்சி மாறிய ஒரு திங்களுக்குள், சூன் 16-ஆம் நாள் அத்தடை நீங்கிற்று. அன்றே அரபிப் பாங்கு மீண்டும் ஒலித்தது.

சிறு வேற்றுமைகள் சில உண்டு. அவை ஷாபிஈ, ஹனபீ, மாலிகீ, ஹன்பலீ என்னும் நான்கு சட்ட நெறிகளால் வந்தவை. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிகீகளில் பலர் கைகளைத் தொங்கவிட்டே நின்று தொழுவர். துருக்கியரும் வட இந்தியரும் ஹனபீகள். கைகளை உந்திக்குக் கீழே கட்டுவர். ஷாபிஈகள் கைகளை மார்புக்குக் கீழே கட்டுவதோடு, குனியும்போதும் நிமிரும்போதும் உயர்த்துவர். வைகறைத் தொழுகையில் தனி வேண்டுதல் ஒன்றும் ஓதுவர்.

இவ்விடத்தில்தான் நம் தமிழகத்துக் கடற்கரை நினைவுக்கு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் மரக்காயர் ஷாபிஈகள். உள்நாட்டு இராவுத்தர் ஹனபீகள். காயல்பட்டினத்தார் ஒருவர் தில்லிப் பள்ளிவாசல் ஒன்றில் நின்றால் கை கட்டுவதிலும் மாலைத் தொழுகை நேரத்திலும் வேறுபாடு காண்பார். கடல் கடந்து ஜாவாவில் நின்றாலோ, தம் ஊர்ப் பள்ளியில் நிற்பதாகவே உணர்வார். நிலவழி வந்த நெறி ஒன்று, கப்பல்வழி வந்த நெறி மற்றொன்று. ஜாவாவின் பள்ளிகளில் பாங்குக்கு முன் பெரிய முரசு ஒன்று முழங்கும்; தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் நகரா முழங்கியதுண்டு. கீழக்கரைப் பழைய பள்ளியின் கல்தூண்கள் நம் கோயில் மண்டபத் தூண்களை நினைவூட்டும். ஜாவாவில் குதூசுப் பள்ளியின் செங்கல் கோபுரமோ அந்நாட்டு இந்துக் கோயிலின் வடிவில் நிற்கிறது. இடையில் உடுத்தும் கைலி இருகரைக்கும் பொது.

இவ்வூர்ப் பெண்டிர் புடைவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித் தெருவில் செல்வது நெடுநாள் வழக்கம். 1970-களுக்குப் பிறகு ஆடவர் பலர் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்று திரும்பினர். கறுப்புப் புர்கா பரவலாயிற்று. ஒரே வீட்டில் மூதாட்டி வெள்ளைத் துப்பட்டியிலும் பெயர்த்தி கறுப்புப் புர்காவிலும் புறப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இருவரும் உள்ளே உடுத்திருந்தது புடைவையே.