ஊரடங்கு: பீதி என்பது யாருடைய சொல்?

'ஊரடங்கு' என்கிற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ராச்சாப்பாடு முடிந்து, திண்ணைப் பேச்சு ஓய்ந்து, நாய்கள் மட்டும் விழித்திருக்கும் நேரத்தைத்தான் நம் கிராமத்துப் பேச்சில் 'ஊர் அடங்கின பெறகு' என்பார்கள். யாரும் அடக்காமல் தானாக அடங்குகிற ஊர் அது. பிறகு கலவரக் காலங்களில் போலீஸ் போடுகிற தடைக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. ஈழத்தமிழர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் நம்மைவிட நன்றாகவே தெரியும். 2020 மார்ச் 22 அன்று 'மக்கள் ஊரடங்கு' என்று ஒருநாள் ஒத்திகை நடந்தது. இரண்டு நாள் கழித்து இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் என்றார். 'பொதுமுடக்கம்' என்று சில பத்திரிகைகள் எழுதிப் பார்த்தன. மக்கள் வாயில் நின்றது ஊரடங்குதான். ஒரு மருத்துவ நடவடிக்கை கலவரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு வந்ததை மொழிபெயர்ப்புக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கட்சி.

அந்த மாதங்களில் அரசுத் தரப்பு ஓயாமல் சொன்ன வாக்கியம், 'பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்'. பீதி மக்களிடம் இருக்கிறது, நிதானம் அரசிடம் இருக்கிறது என்பது இதன் உட்கிடை. நடந்ததைப் பார்ப்போம். தமிழக அரசின் 144 தடை உத்தரவு மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு அமலாகும் என்றதும் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு குவிந்தார்கள். ஏப்ரல் 24 அன்று, சென்னை உள்ளிட்ட ஐந்து மாநகரங்களில் 26 முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். இடையில் கிடைத்தது ஒரே நாள். அந்த ஒரு நாளில் கோயம்பேடு சந்தையிலும் மளிகைக் கடைகளிலும் நெரிசல். 'மக்களுக்குப் பொறுப்பே இல்லை' என்று தொலைக்காட்சிகள் அலுத்துக்கொண்டன. மே தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையே தொற்றின் ஊற்றாக அறியப்பட்டு மூடப்பட்டது. கூட்டத்தை உண்டாக்கியது உத்தரவு, பழி கூட்டத்தின் மேல்.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் அடையாளம் காணப்பட்டது. நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களை வீடு புகுந்து இழுத்துப்போனார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள். அக்டோபரில் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர்கள் தாக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஆட்களைக் கொன்று உடலை அறுக்கிறார்கள் என்ற பேச்சு நகரெங்கும் பரவியிருந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1897 பிப்ரவரியில் வந்தது தொற்றுநோய்கள் சட்டம். நான்கே பிரிவு கொண்ட சின்னச் சட்டம். இதன் கீழ் போடும் உத்தரவை மீறினால் இந்தியத் தண்டனைச் சட்டம் 188இன்படி குற்றம் என்றது மூன்றாம் பிரிவு. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்கே போட முடியாது என்றது நான்காம் பிரிவு. அதே ஆண்டு ஜூனில் புனேயின் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். 2020இல் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் இதே சட்டத்தைத்தான்.

பம்பாய் வதந்தியை அறியாமை என்று எழுதியது காலனியம். அதை எதிர்ப்பின் மொழியாகப் படிக்க ரணஜித் குஹா போன்றவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். 'காய்ச்சல்னு சொன்னா தூக்கிட்டுப் போயிருவாங்க' என்று 2020இல் நம் தெருக்களில் பேசிக்கொண்டதையும் அப்படிப் படிக்கலாம். வாசலில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்ற ஒட்டி, தெருவை மறித்துத் தகரம். ஒளித்துவைக்கத்தான் தோன்றும். (அப்படி ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்போது டிசம்பர் ஆகிவிட்டது.) இங்கே அச்சம் என்பது அதிகாரத்தைப் பற்றிய அனுபவ அறிவு.

ஆனால் நம்மவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மக்களின் அச்சம் என்றாலே அதில் எதிர்ப்பைக் கண்டு புல்லரிக்கிற பழக்கம் சிறுபத்திரிகை உலகத்தில் நெடுநாளாக உண்டு. 2020 ஏப்ரல் 19 இரவை இவர்கள் எங்கே வைப்பார்கள்? கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடல் கீழ்ப்பாக்கம் கல்லறையில் எதிர்ப்பு என்று சொல்லி அண்ணாநகர் வேலங்காட்டுக்குத் திருப்பப்பட்டது. அங்கே கூட்டம் கல்லும் கட்டையுமாகத் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்கள் ரத்தம் ஒழுக ஓடினார்கள். கடைசியில் நண்பரான இன்னொரு மருத்துவர் போலீஸ் காவலோடு திரும்பி வந்து, தன் கையாலேயே மண்ணை வாரிப் போட்டுப் புதைத்தார். ஆழப் புதைத்த உடலிலிருந்து நோய் வராது என்று மருத்துவம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அது கிருமியைப் பற்றிய பயம் அல்ல. பிணம், தீட்டு, 'எங்க பக்கம் வேண்டாம்'. பொதுப்பாதையில் தலித் பிணத்தை விடமாட்டோம் என்று வழி மறிக்கிற கைகளுக்கு இந்த அசைவு புதிதல்ல. அன்று அது ஒரு டாக்டர் மேலேயே திரும்பியதால் நகரம் அதிர்ந்தது.

அரசு இந்த இரண்டாவது பயத்தைக் கண்டிக்கத்தான் செய்தது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டமும் வந்தது. ஆனால் அதே ஏப்ரலில் திருப்பூர் மாவட்டப் போலீஸ் ஒரு வீடியோ வெளியிட்டது. முகக்கவசம் இல்லாமல் திரிந்த இளைஞர்களைப் பிடித்து ஆம்புலன்ஸுக்குள் ஏற்றுகிறார்கள். உள்ளே 'கொரோனா நோயாளி' ஒருவர் படுத்திருக்கிறார், நடிப்புதான். பையன்கள் அலறி ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்க்கிறார்கள். விழிப்புணர்வு என்றார்கள். நாடே பார்த்துச் சிரித்தது, எனக்குத் தெரிந்த முற்போக்காளர்கள் சிலரும் சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். நோயுற்ற உடலைப் பேயாக நிறுத்தி வேடிக்கை காட்டுகிற அரசு, வேலங்காட்டுக் கல்லைப் பார்த்து 'பீதியடையாதீர்' என்கிறது.

தொழுநோயாளியை வெளியே தள்ளுவது ஒரு முறை, பிளேக் ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொருவரையும் கண்காணிப்பது இன்னொரு முறை என்பார் ஃபூக்கோ. நம் ஊரில் கட்டங்கள் நோய்க்கு முன்பே போட்டாயிற்று: ஊர் வேறு, சேரி வேறு. 'ஊர்' அடங்கியபோது அடங்காமல் வேலைக்குப் போனவர்கள் யார்? ஒட்டி ஒட்டிய வீட்டுக் குப்பையையும் அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். சில தெருக்களில் அவர்களுக்கு மாலை போட்டார்கள். எட்ட நின்று. 'சமூக இடைவெளி' என்று அதற்கு ஒரு பெயரும் கைவசம் இருந்தது.

ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தகப்பனையும் மகனையும் போலீஸ் பிடித்துப்போனது. மகன் 22ஆம் தேதி இரவு இறந்தார், தகப்பன் மறுநாள் காலை. பிறகு சிபிஐ அந்தக் காவல் நிலையத்துப் போலீஸார் மேல் கொலைக் குற்றம் சாட்டியது. அந்த இருவர் மேல் நிலையத்தில் எழுதிய முதல் தகவல் அறிக்கையில் 188ஆம் பிரிவும் இருந்தது.