கூழில் தலை, மோட்டாரில் கை

வீட்டில் மனித உருவ ரோபோ செய்வதில் இரண்டு கைவேலைகள் உண்டு. உடலை எடை குறைவாக வடிப்பது ஒன்று, வடித்த உடலின் மூட்டுகளை அசைப்பது இன்னொன்று. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் முதல் வேலையில் தேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள்.

இப்பகுதிக் கிராமங்களின் ஐயனார் கோயில்களுக்கு நேர்ந்துவிடும் மண்குதிரைகளை உள்ளே கூடாகவே வனைவார்கள். மண் தடிமனாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும் என்பதே காரணம். கால்களை உருளைகளாக முதலில் நிறுத்தி, ஓரளவு இறுகியபின் உடலை ஏற்றி, தலையைத் தனியே செய்து பொருத்துவது வழக்கம். வில்லியனூர்ச் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றது. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ரோபோவுக்கு இன்னும் நெருக்கமான தொழில், வில்லியனூர் வட்டத்திலேயே மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மை. இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, பசையும் சுண்ணத்தூளும் கலந்து, அச்சில் முன்பாதி பின்பாதியாக அழுத்தி எடுத்து, காய்ந்தபின் இரண்டையும் ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசுகிறார்கள். மண்பொம்மையைவிட எடை மிகக் குறைவு. கீழே விழுந்தாலும் எளிதில் நொறுங்காது.

மூட்டை அசைக்கும் வேலையும் தமிழர்க்குப் பழையதுதான். நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், கயிற்றால் ஆடும் மரப்பாவையை உவமை சொல்கிறது. கேட்பவர்க்குப் பழகிய காட்சியாக இல்லாவிட்டால் உவமை எடுபடாது. பெருங்கதையில் உதயணனைச் சிறைபிடிப்பது உள்ளே வீரர்கள் ஒளிந்த எந்திர யானை. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில். இவை காவியக் கற்பனை என்று தள்ளிவிடலாம். ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் போஜ மன்னன் பெயரில் எழுந்த சமராங்கண சூத்திரதாரம் என்னும் கட்டடக்கலை நூல், மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செய்து, மூட்டுகளை ஆணியால் கோத்து, கயிற்றால் இயக்கி, மேலே தோல் போர்த்தும் ஆண், பெண் உருவங்களைப் பற்றிப் பேசுகிறது. இன்றைய ரோபோவின் உடலமைப்பும் ஏறக்குறைய இதுவே.

தமிழகப் பொம்மலாட்டத்தில் இந்த நுட்பம் மேடையேறியது. ஆட்டுபவர் தலையில் அணியும் வளையத்திலிருந்து கயிறுகள் பொம்மைக்கு இறங்கும். கைகளைக் கம்பிகள் அசைக்கும். நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ள பொம்மைகள் இதில் உண்டு. அவ்வளவு எடையைத் தூக்கி ஆட்டியது மனிதத் தசை. அந்த வேலையை ஒரு சின்ன மோட்டாரிடம் ஒப்படைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

பொழுதுபோக்காகச் செய்த மனித உருவ ரோபோக்களில் முன்னோடி 1928-இல் லண்டனில் தோன்றிய எரிக். மாதிரி எந்திரம் செய்யும் ஆர்வலர்களின் கண்காட்சிக்காக டபிள்யூ.எச். ரிச்சர்ட்ஸ், ஆலன் ரெஃபெல் இருவரும் செய்த அலுமினிய மனிதன் அது. எழுந்து நின்று, குனிந்து வணங்கி, கையசைத்துப் பேசியது. பாதங்கள் மட்டும் ஒரு பெட்டியோடு முடுக்கப்பட்டிருந்தன. மோட்டார் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

நடக்கும் பொம்மை ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது. அளவுகளை ஒரே விகிதத்தில் கூட்டி உயரத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகிறது. மூட்டைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை பதினாறு மடங்காகிறது. ஜப்பானில் 2002-இல் தொடங்கிய ரோபோ-ஒன் போட்டியில் ஆர்வலர்களின் ரோபோக்கள் நடந்து, மோதி, விழுந்து எழுந்தன. அவை பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட இல்லாதவை. ஆளுயர ரோபோவின் கையே தனிச் சிக்கல். முன்கை அரை கிலோ, அதன் எடை மையம் முழங்கையிலிருந்து 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், கையைக் கிடைமட்டமாக நிறுத்தவே 6 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை வேண்டும். 25 சென்டிமீட்டர் தள்ளி, உள்ளங்கையில் கால் கிலோ பொருளை வைத்தால் 12-ஐத் தாண்டிவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் நடுத்தர சர்வோ மோட்டாரின் எல்லை 10-ஐ ஒட்டியே இருக்கிறது. கை தொங்கிவிடும், அல்லது மோட்டார் சூடேறிக் கருகும். உடலின் எடையைக் குறைப்பது இங்கே அழகுக்கான வேலை அல்ல.

இந்தப் பொழுதுபோக்கைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவந்தவை இரண்டு. இத்தாலியில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ, மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பலகையை மாணவர் கைக்கு எட்டவைத்தது. பிரெஞ்சுச் சிற்பி கயேல் லாங்வன் 2012-இல் தொடங்கிய இன்மூவ், ஆளுயர ரோபோவின் உறுப்பு வடிவங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒவ்வொரு உறுப்பும் 12 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்குவதால் சிறிய 3டி பிரிண்டரே போதும். விரல்களை இழுப்பது நரம்புபோல் ஓடும் நூல்தான். பொம்மலாட்டக்காரர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். இன்மூவின் கால்கள் நெடுங்காலம் அசையாத் தாங்கிகளாகவே இருந்தன.

இந்தியாவில் இந்த ஆசையைப் பரப்பியதில் 2010-இல் வெளியான எந்திரன் படத்துக்குப் பங்குண்டு. அதன் இந்திப் பதிப்பைப் பார்த்த தூண்டுதலில், மும்பை ஐ.ஐ.டி. வளாகக் கேந்திரிய வித்யாலயாவின் கணினி ஆசிரியர் தினேஷ் படேல் ஷாலு என்ற பெண்ணுருவ ரோபோவை வீட்டில் செய்தார். 2021-இல் அது செய்தியானது. மூன்று ஆண்டு உழைப்பு, சுமார் 50,000 ரூபாய் செலவு. பிளாஸ்டிக், அட்டை, மரம், அலுமினியம் ஆகிய கழிவுப் பொருள்களே உடல். ஒன்பது இந்திய மொழிகளில் பேசும் என்று சொல்லப்பட்டது. ஷாலுவும் நடக்காது.

ஏட்டுப் படிப்பும் கைவேலையும் இங்கே நெடுங்காலம் பிரிந்தே இருந்தன. பாகூர்ச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், அவ்வூர் வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையானதைச் சொல்கிறது. அங்கே படித்தது சாத்திரம். கைவேலை குயவர் வீட்டிலும் தச்சர் வீட்டிலும் தங்கிவிட்டது. 2016 முதல் பள்ளிகளில் தொடங்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 3டி பிரிண்டரையும் மோட்டாரையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்து இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. அச்சிட்ட பிளாஸ்டிக் தலையைவிடக் கூழில் செய்த தலைக்குச் செலவு குறைவு; மெல்லியதாக அச்சில் அழுத்தினால் கழுத்து மோட்டாருக்குப் பாரமும் இல்லை. வில்லியனூரில் இதைத் தொடங்க நினைக்கும் மாணவர் மோட்டாரும் பலகையும் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம். தலைக்கும் தோளுக்கும் முதலில் திருக்கனூர்ப் பட்டறை ஒன்றில் போய்க் கேட்கட்டும். நடக்கும் கால்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.