முதல் ரத்தம் யாருடையது, ஸ்கேன் யாருக்கு?

இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு 1986 தொடக்கத்தில், சென்னையில் ஒரு பூட்டிய கட்டடத்துக்குள் ஆரம்பிக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதை உறுதிசெய்தது.

அந்த இருவரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், எதைத் தேடி ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார். படிக்காதவர்கள், சொன்னாலும் புரியாது என்பது காரணம். நம் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆபீஸிலும் எத்தனை முறை கேட்ட பேச்சு இது!

கண்டுபிடித்ததால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? கிருமி இருந்த பெண்கள் காப்பகத்திலேயே தடுத்துவைக்கப்பட்டார்கள். ஒரு பத்திரிகையாளர் பொதுநல வழக்குப் போட்டு, 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளியே வர முடிந்தது. தீண்டாமைக்கு நோயின் பெயரும் போதும். இலவசக் கூட்டு மருந்து தாம்பரம் அரசு மருத்துவமனைக்கு வந்தது 2004 ஏப்ரலில். ரத்தம் எடுத்ததற்கும் மாத்திரை கொடுத்ததற்கும் நடுவே 18 ஆண்டுகள்.

மாத்திரை உயிரைக் காத்தது. இப்போது அடுத்த ஆபத்து இதயத்தில். கிருமி அடங்கினாலும் உடலுக்குள் அழற்சி முழுதாக ஓய்வதில்லை. மாரடைப்பு, பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. 2013இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், இதய நோய் அறிகுறியே இல்லாத எச்.ஐ.வி. உள்ளவர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். 76 சதவீதம் பேரின் இதயத் தசையில் தழும்பு. கிருமி இல்லாதவர்களில் 13 சதவீதம்தான். சாதாரண இ.சி.ஜி. இப்படிப்பட்ட தழும்பைத் தவறவிடக்கூடும்.

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவருக்கு அந்த ஸ்கேன் எங்கே? பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஆனால் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போச்சு. காரணம் சொன்னால் வேலையே போகும் என்ற பயம் வேறு. வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். சூப்பர்வைசர் அதைப் படித்திருக்கிறாரா, என்ன?

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடு என்று நான் கேட்கவில்லை. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வு 2023இல் காட்டியது எளிய வழி: தினம் ஒரு ஸ்டேட்டின் மாத்திரை, பெரிய இதய பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்தது. மாத்திரை வாங்க வரும் நாளிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்கலாம். சந்தேகம் இருப்பவரை அரசு செலவில் ஸ்கேனுக்கு அனுப்பலாம். எதற்காகப் பார்க்கிறோம் என்பதை, தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அவர் மொழியிலேயே முதலில் சொல்லிவிட்டு.