கணினியில் தமிழ்க் கணக்குக் குறியீடுகள்

பழைய நில ஆவணமொன்றைப் பெயர்ப்போர் முதலில் தடுமாறுவது சொற்களில் அன்று, குறியீடுகளில்தான். நாள் (௳), மாதம் (௴), வருடம் (௵), பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸) ஆகியன சொல்லின் இடத்தில் ஒற்றை வடிவமாக நிற்பவை. 1991-இல் வெளியான இஸ்கி குறியேற்றம் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக ஒலியடிப்படையில் அமைந்தமையால், இவற்றுக்கு அதில் இடமில்லை. எழுத்துரு வடிவமைப்பாளர் தத்தமக்கு வாய்த்த வெற்றிடங்களில் தனிக்குறிகளை வைத்துக்கொண்டனர். எழுத்துருவை மாற்றியதும் குறி வேறோர் எழுத்தாகத் திரிந்தது.

மேற்கூறிய ஆறும், ரூபாய், எண் ஆகியவற்றின் குறிகளும் 2003-இல் யூனிகோடு 4.0 பதிப்பில் இடம்பெற்றன. பின்னங்களோ 2019 வரை காத்திருந்தன. அவ்வாண்டு வெளியான 12.0 பதிப்பின் தமிழ்த் துணைத்தொகுதியில் 51 குறிகள் சேர்ந்தன: முந்திரி (1/320), மா (1/20) போன்ற பின்னங்கள், முகத்தலளவைகள், நன்செய், புன்செய், உப்பளம் முதலியன. வேலியில் இருபதிலொரு பங்கான மாவைப் பிறிதொன்றாக வாசித்தால் நிலத்தின் பரப்பே மாறிவிடும். காலந்தாழ்ந்த சேர்க்கையாயினும் இன்றியமையாதது.

எண்களில் இடர்ப்பாடு வேறு வகையினது. ௧, ௭, ௮ என்பன க, எ, அ என்னும் எழுத்துகளை ஒத்திருத்தலின், எழுத்தையே எண்ணாகத் தட்டச்சு செய்யும் வழக்கம் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. கணினித் தேடலில் அவ்வெண் அகப்படாது. குறியேற்றம் கிடைத்த பின்னரும் எழுத்துருவில் வடிவம் இல்லையேல் வெற்றுக் கட்டமே தோன்றுமாதலின், பதிப்பாளர் குறியின் அருகே அதன் பெயரையும் எழுதிவைப்பது நன்று.