ஊட்டிப் பூங்காவும் மூணு ரூபா காய்கறியும்

கோடை லீவு விட்டா எங்க செல்லூர்ல இருந்து வேன் புடிச்சு ஊட்டிக்குக் கிளம்புற கூட்டம் எக்கச்சக்கம். பொட்டானிக்கல் கார்டன் புல்வெளியில உருண்டு, போட்டோ எடுத்து, வர்க்கி வாங்கிட்டு இறங்கிடுவோம். அந்தத் தோட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது பூ இல்லைங்க, காய்கறி!

1840-கள்ல ஊட்டியில குடியேறின வெள்ளைக்காரங்களுக்கு மலிவா காய்கறி கிடைக்கிறது பெரும்பாடு. 1845-ல ஆளுக்கு மாசம் 3 ரூபா சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வச்சாங்க. அது சரியா ஓடலை. பொதுத் தோட்டமாவே போட்டுடலாம்னு முடிவாகி, 1848-ல லண்டன் கியூ தோட்டத்துல தொழில் பழகின வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். காடும் சதுப்புமா கிடந்த மலைச்சரிவைத் திருத்திப் பூங்காவாக்க சுமார் 10 வருஷம் ஆச்சு. இன்னைக்கு அது ஏறக்குறைய 55 ஏக்கர்.

மனுஷன் அதோட நிக்கலை. மலேரியாவுக்கு அப்ப இருந்த மருந்து கொய்னா; அது சின்கோனா மரப்பட்டையில இருந்து வருது. 1860-ல கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்கா போய் சின்கோனா கன்றுகள் சேகரிச்சார். அந்த மரத்தை நீலகிரியில வளர்க்கிற பொறுப்பு மெக்ஐவர் தலையில விழுந்தது. பட்டையை முழுசா உரிச்சா மரம் செத்துடும். இவர் கீத்துக் கீத்தா உரிச்சு, காயத்தைப் பாசியால மூடிக் கட்டினார். பட்டை திரும்ப வளர்ந்துச்சு!

ஆனா இதெல்லாம் ஒத்தை ஆள் சாதனை இல்லை. நடுவட்டம் சின்கோனா தோட்டத்துல வேர்வை சிந்தினவங்கள்ல சீனக் கைதிகளும் உண்டு. பூங்காவுக்கு மேலே ஏறிப் போனா தோடர் மந்து ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் வர்றதுக்கு ரொம்ப முந்தியே அந்த மலையில எருமை மேய்ச்சவங்க அவங்க. அடுத்த தடவை போனா, கண்ணாடி மாளிகையோட திரும்பிடாம அதுவரைக்கும் ஒரு எட்டு நடந்துட்டு வாங்க.