ஜானியின் நாட்குறிப்பு

உடல் வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. நோயுற்ற இளைஞனின் மனத்தை எதைக்கொண்டு அறிவது? அவன் எழுதிவைத்ததைப் படித்துப் பாருங்கள்.

1946 ஏப்ரலில் ஜானி கந்தர் என்ற அமெரிக்க மாணவனின் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. வயது 16. அறுவை, எக்ஸ்-கதிர், நைட்ரஜன் மஸ்டர்டு எனப் பல சிகிச்சைகள் நடந்தன. நோயின் முழுக் கடுமையையும் பெற்றோர் அவனிடம் சொல்லவில்லை. அவனோ, அம்மோனியாவைத் திரவமாக்கத் தானே ஒரு முறையை வகுத்துச் செய்தும் பார்த்தான். (மைனஸ் 33 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் பொருள் அது!)

1949-ல் தந்தை ஜான் கந்தர் வெளியிட்ட நூலில் ஜானியின் கடிதங்களும் நாட்குறிப்பும் உள்ளன. வலியைவிட, விட்டுப்போன பாடங்களும் தன்னைத் திருத்திக்கொள்ளும் எண்ணமும் அவனை வாட்டியதைக் காண்கிறோம். வெப்பநிலை அட்டவணையில் இவை ஏறுவதில்லை அல்லவா? ஆனால், பெற்றோர் தேர்ந்தெடுத்து அச்சிட்ட பகுதிகள் இவை என்பதையும் மறவாதீர்கள்.

இரத்தப் புற்றுநோயுற்ற சிறு குழந்தைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-ல் ஓர் உண்மையை எழுதினார்: யாரும் சொல்லாமலேயே அவர்கள் தம் முடிவை அறிந்திருந்தனர், பெற்றோருக்காக அறியாததுபோல் நடித்தனர்.

ஜானி விட்ட பாடங்களை முடித்தான். 1947 ஜூனில், தலையில் கட்டுடன் நடந்துசென்று பள்ளிச் சான்றிதழ் பெற்றான். அம்மாதம் 30-ஆம் நாள் இறந்தான்.